பதினான்காம் மாடித் தண்ணீர்

அழைப்பு இரண்டும் ஒரே சொல்லில்தான் வந்தன:
"ஆள் விழுந்துட்டாரு."

முதலாவது, இரவு ஏழு நாற்பதுக்கு.
பூன் லே உணவங்காடி நிலையம்.
ஹைக்கால், வயது பத்தொன்பது,
தேசிய சேவையிலிருந்து வார விடுப்பில் வந்தவன்.
நண்பனின் தட்டிலிருந்து ஒரு வாய்.
குழம்பில் இறால் கரைந்திருந்தது அவனுக்குத் தெரியாது,
அவன் உடம்புக்குத் தெரிந்தது.
உதடு வீங்கி
கழுத்தில் தடிப்புகள் தீவுதீவாய் எழும்பி
குரல் வேறு யாருடையதோ ஆகி
மேசைக்கும் முக்காலிக்கும் நடுவே மடிந்துகிடந்தான்.
தேநீர்க்கடைக்காரர் அவன் நெற்றியில்
ஐஸ் கட்டி வைத்துக்கொண்டிருந்தார்.
யாரோ அக்குளில் கைகொடுத்து
நிமிர்த்தி நிற்கவைக்கப் பார்த்தார்கள்.
"நிறுத்தாதீங்க! படுக்க வைங்க, காலைத் தூக்குங்க!"
நான் கத்தியதில் வாணலிச் சத்தம்கூட ஒரு கணம் நின்றது.

தொடையின் வெளிப்பக்கம்,
கால்சட்டைக்கு மேலேயே ஊசி.

பயிற்சியில் சொன்னதை
நான் என் வீவக புளோக்காக மாற்றி
மனத்தில் வைத்திருக்கிறேன்.
ரத்தம் எங்கும் கொட்டிவிடவில்லை.
குழாய்கள்தான் திடீரென அகன்றுவிட்டன.
மூட்டுக்கு மூட்டு கசிகிறது.
அழுத்தம் இறங்க இறங்க
பதினான்காம் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை.
பெயரும் முகவரியும்
அம்மாவின் கைப்பேசி எண்ணும்
அந்த மாடியில்தான் குடியிருக்கின்றன.

அட்ரினலின் குழாய்களை இறுக்கிப் பிடித்தது.
நான்கு நிமிடத்தில் கண் திறந்து
செருப்பைத் தேடினான்.
நடந்தே வருகிறேன் என்றான்,
எல்லோரும் பார்க்கிறார்களே என்ற வெட்கம்.
"ஜாங்கான் பங்குன்" என்றேன், எனக்குத் தெரிந்த மலாயில்.
எழுந்திருக்காதே.
ஒரு ராத்திரி மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பார்கள்,
போனது திரும்பி வரலாம்.

இரண்டாவது, அதிகாலை நான்கு பத்துக்கு.
துவாஸ் தங்குவிடுதி, கழிப்பறை வாசல்.
அய்யாக்கண்ணு, முப்பத்தாறு, அறந்தாங்கிப் பக்கம்.
இவர் இப்போது விழவில்லை.
வியாழக்கிழமை பாதத்தில் ஆணி ஏறியபோதே
விழத் தொடங்கியிருக்கிறார்,
மெதுவாக,
நான்கு நாளாக,
வேலைக்குப் போய்க்கொண்டே.
"காய்ச்சல்தான், மாத்திரை போட்டேன்னு சொன்னாருக்கா"
அறைத்தோழன் சொல்லிக்கொண்டே இருந்தான்,
தன்னைக் குற்றம்சாட்டி யாரோ கேட்டதுபோல.

துணிக்கட்டை அவிழ்த்தேன்.
அந்த வாடையை எழுத எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.
முழங்கால்களில் பளிங்குத் திட்டுகள்.
நகத்தை அழுத்தி விட்டேன்,
வெளுத்தது சிவக்க
ஐந்து வரை எண்ண வேண்டியிருந்தது.
படுத்திருந்தவர்
ஓடிவந்தவர்போல் மூச்சு வாங்கினார்.
"அண்ணே, இன்னைக்கு என்ன கிழமை?"
"மடை தொறந்துட்டாங்களா?" என்றார்.

தொறந்துட்டாங்க அண்ணே.
எல்லா மடையும்.

ஒவ்வாமை கதவை உதைத்துத் திறக்கிறது.
செப்சிஸ் சாவி செய்துகொண்டு வருகிறது,
அதுவும் நம் வீட்டுக் காவல்காரனையே
நம்மீது ஏவி.
இவருக்கு ஓர் ஊசியில் தீராது.
உப்புநீர்ப் பையை உயரப் பிடித்தேன்.
மருந்து மருத்துவமனையில் இருக்கிறது,
ஒவ்வொரு நிமிடமும் அதற்குத் தெரியும்.
"செப்சிஸ் சந்தேகம், தயாராக இருங்கள்" என்று
வானொலியில் சொல்லிவிட்டு வெளியே பார்த்தேன்.
ஆயர் ராஜா விரைவுச்சாலை.
ஆயர் என்றால் தண்ணீர்.
பதினோரு வருடமாக இந்தப் பலகையைப் பார்க்கிறேன்,
அன்றுதான் படித்தேன்.

ஒப்படைத்த பிறகு
எங்களுக்கு யாரும் முடிவு சொல்வதில்லை.
படிவத்தில் இருவருக்கும் ஒரே கட்டத்தில் குறியிட்டேன்:
மயக்கம்.

விடிந்தபின் வண்டியைக் கழுவும்போது
தள்ளுபடுக்கைக்கு அடியில் ஒரு பனடோல் அட்டை.
பத்துக் குழியில் எட்டு காலி.
அவர் சட்டைப்பையிலிருந்து விழுந்திருக்கும்.
மீதி இரண்டையும்
இன்றைக்கும் நாளைக்குமாக
எடுத்து வைத்திருந்தார்.